ஏர் சஸ்பென்ஷன் மோட்டார்ஹோம் சாய்கிறதா, தாழ்கிறதா? ராடைத் திருகும் முன் பார்க்க வேண்டியவை

ஏர் சஸ்பென்ஷன் மோட்டார்ஹோம் என்றால் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த பைகளில் (ஏர் பேக்) நிற்கும் வீட்டு வண்டி. அது ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை முதலில் போவது, உயர வால்வை ஆக்ஸிலோடு இணைக்கும் லிங்க் ராடில் இருக்கும் நட்டுக்குத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முன்பக்கம் இடதுபுறம் தாழ்ந்திருக்கிறதே என்று முன் வால்வின் ராடை இரண்டு நாள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் மொத்தமாக ஏறியது, மொத்தமாக இறங்கியது, சாய்வு மட்டும் அசையவே இல்லை. கடைசியில் பார்த்தால் கோளாறு பின்னால். இடது பின் வால்வின் ராடு முனையில் இருந்த ரப்பர் புஷ் கிழிந்து ஆடிக்கொண்டிருந்தது. பின்பக்கமும் தாழ்ந்துதான் இருந்திருக்கிறது, ஆனால் நான் அங்கே டேப்பையே வைக்கவில்லை.

அதனால் இதை எழுதும்போது ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரம் தப்பாக இருக்கிறது என்றால் பத்தில் எட்டு தடவை, என் அனுபவத்தில், ராடின் நீளம் தானாக மாறிவிடவில்லை. வேறு ஏதோ கெட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ராடைத் திருகினால் கோளாறு மறைந்துகொள்ளும், அப்புறம் இரண்டு கோளாறைத் தேட வேண்டியிருக்கும்.

இது வேலை செய்யும் விதம், சுருக்கமாக

சேஸிஸில் ஒரு லெவலிங் வால்வு (உயர வால்வு என்பதும் இதுதான்). அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை. அந்தக் கையின் நுனியை ஆக்ஸிலோடு இணைக்கும் ஒரு ராடு. பாரம் ஏறி சேஸிஸ் கீழே இறங்கினால் ராடு கையை மேலே தள்ளும், வால்வு திறந்து காற்று டேங்கிலிருந்து ஏர் பேக்குக்குக் காற்று போகும். சேஸிஸ் அளவுக்கு மேல் ஏறினால் கை கீழே இழுபடும், பேக்கில் இருக்கும் காற்று வால்வின் எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் நடக்காத ஒரு சின்ன இடைவெளி உண்டு, வண்டி அந்த இடைவெளிக்குள் நின்றால்தான் வால்வு சும்மா இருக்கும். சில வால்வுகளில் கை நகர்ந்த பிறகு சில விநாடி கழித்துத்தான் காற்று ஓடும், ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்த தாமதம் அது.

பெரிய டீசல் மோட்டார்ஹோம்களில் ஆக்ஸில் இரண்டு, மூலைகள் நான்கு, ஆனால் வால்வு பெரும்பாலும் மூன்றுதான். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று (சில சேஸிஸில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று). முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும், நாற்காலி ஆடும், அதே கதைதான். நான்கு வால்வு வைத்தால் மூலைக்கு மூலை சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். இந்த மூன்று வால்வு சங்கதியை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதி விஷயம் இதிலிருந்துதான் வருகிறது: ஒற்றை வால்வு இருக்கும் முனையில் இரண்டு பேக்கும் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்கின்றன, அதனால் அந்த முனையால் இடது வலது சாய்வைத் திருத்தவே முடியாது. சாய்வைத் தீர்மானிப்பது இரண்டு வால்வு இருக்கும் முனை.

இன்னொன்று. ஸ்பிரிங் பட்டை வண்டியில் ஒரு மூலையில் பாரம் அதிகமானால் அந்த மூலை தாழும். ஏர் சஸ்பென்ஷனில் அப்படி இல்லை, வால்வு அந்த மூலைக்குக் கூடுதல் அழுத்தம் கொடுத்து உயரத்தைச் சரியாகவே வைத்திருக்கும். ஆகவே பின்பக்கம் இடது பேக்கில் ஒரு அழுத்தமும் வலது பேக்கில் வேறு அழுத்தமும் காட்டினால் பதற வேண்டாம். "தண்ணீர் டேங்க் அந்தப் பக்கம், அதனால்தான் சாய்கிறது" என்ற விளக்கத்தையும் உடனே நம்ப வேண்டாம். பேக் தாங்கும் அளவுக்குள் பாரம் இருந்து, காற்று டேங்கில் அழுத்தம் முழுதாக இருந்து, வால்வும் நன்றாக இருந்தால், பாரத்தால் சாயாது.

அடியில் போகும் முன்

இதை மட்டும் தாண்டிப் படிக்காதீர்கள். ஏர் பேக்கில் நிற்கும் வண்டியின் கீழ் உடம்பை நுழைக்கக் கூடாது. ஒரு குழாய் பிடுங்கிக்கொண்டாலோ, நீங்கள் தெரியாமல் வால்வின் கையைத் தட்டிவிட்டாலோ, சேஸிஸ் ஒரு விநாடியில் பம்ப் ஸ்டாப் (கடைசியில் முட்டி நிற்கும் கட்டை) வரை இறங்கும். சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் தலையோ கையோ இருந்தால் அவ்வளவுதான். வண்டியின் எடையைத் தாங்கும் தரமுள்ள ஸ்டாண்டுகளைச் சேஸிஸ் ரெயிலுக்கு அடியில், தயாரிப்பாளர் கையேடு காட்டும் இடத்தில் வைத்த பிறகுதான் போக வேண்டும். வண்டியோடு வரும் ஹைட்ராலிக் லெவலிங் ஜாக் வண்டியை மட்டமாக நிறுத்தத்தான், ஆள் அடியில் படுப்பதற்கான பிடிமானம் அல்ல. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை, பார்க்கிங் பிரேக். எந்தக் குழாயைக் கழற்றுவதானாலும் முதலில் அதிலிருக்கும் காற்றை இறக்குங்கள், 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒரு நட்டு கண்ணுக்கு நேரே பறந்து வரும்.

அளப்பது: பாதிப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள்

தரையிலிருந்து பாடியின் விளிம்பு வரை அளப்பது ரைடு ஹைட் அல்ல. அந்த அளவில் டயர் காற்று, தரையின் மேடு பள்ளம், பாடியை சேஸிஸில் ஏற்றும்போது விட்ட சிறு வித்தியாசம் எல்லாம் கலந்துவிடும். ரைடு ஹைட் என்பது ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கும் தூரம். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி என்று சேஸிஸ் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார்: சிலருக்கு ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட் மையத்திலிருந்து கீழ் போல்ட் மையம், சிலருக்கு ஏர் பேக்கின் மேல் தட்டிலிருந்து கீழ் தட்டு, சிலருக்கு ரெயிலின் அடியிலிருந்து ஆக்ஸில் இருக்கை. உங்கள் சேஸிஸ் எண்ணுக்கு உரிய அளவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். அதே மாடலின் வேறு வருட வண்டியின் அளவு உங்களுக்கு உதவாது. சாதாரணமாக 6 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம், கூடக் குறைய இருப்பதை ஏற்றுக்கொள்வார்கள்.

மட்டமான, கெட்டியான தரை வேண்டும். தரை மட்டமா என்று ரசமட்டத்தை ஒரு நீளமான சட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள், அல்லது ஒளிபுகும் குழாயில் தண்ணீர் விட்டு இரண்டு முனையையும் சக்கரங்களுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். தண்ணீர், டீசல், சாமான் எல்லாம் வழக்கமாகப் பயணம் போகும் அளவில் இருக்கட்டும். நிறுத்தும் இடத்தில் வண்டியை மட்டமாக்கும் லெவலிங் சிஸ்டம் இருந்தால் அது பயண நிலையில் இருக்க வேண்டும், ஜாக் முழுதாக மேலே ஏறியிருக்க வேண்டும்.

காற்று முழுதாக ஏறட்டும். பெரும்பாலான வண்டிகளில் 120-லிருந்து 130 பிஎஸ்ஐ வரை ஏறியதும் கவர்னர் கம்ப்ரெசரை நிறுத்தும், காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர் 'புஸ்' என்று மூச்சு விடும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு வண்டியை நேராக முன்னும் பின்னும் கொஞ்சம் ஓட்டி, பிரேக்கை மெதுவாகப் பிடித்து நிறுத்துங்கள். திருப்பி நிறுத்தினாலோ அவசரமாகப் பிரேக் அடித்தாலோ சஸ்பென்ஷன் முறுக்கிக்கொண்டு நிற்கும், அந்த அளவு பொய். பிறகு ஐந்து நிமிடம் விட்டு அளக்கவும். ஒரு தடவை அளந்ததை நம்பாதீர்கள். காற்றை இறக்கி, மறுபடி ஏற்றி, இரண்டாவது தடவையும் அளந்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் அது அளவு.

நான்கு மூலையையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தாழ்ந்து தெரியும் மூலையை மட்டும் அல்ல.

இப்போது அறிகுறிக்கு வருவோம்.

ராத்திரி நிறுத்தினால் காலையில் ஒரு மூலை உட்கார்ந்திருக்கிறது

கசிவு. இதில் சந்தேகமே இல்லை, எங்கே என்பதுதான் கேள்வி. நாட்கணக்கில் நிறுத்தினால் எந்த வண்டியும் கொஞ்சம் இறங்கும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரே இரவில் ஒரு மூலை மட்டும் கை அளவு இறங்கினால் தேட வேண்டும்.

தேடுவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பேக்கில் கசிந்தால் டேங்கின் அழுத்தம் காட்டும் முள்ளும் இறங்கும், ஏனென்றால் மூலை தாழத் தாழ வால்வு டேங்கிலிருந்து எடுத்து ஈடு கட்டிக்கொண்டே இருக்கும். பிரேக்குக்கு வேண்டிய காற்றைச் சஸ்பென்ஷன் தின்றுவிடாமல் இருக்க வழியில் ஒரு அழுத்தப் பாதுகாப்பு வால்வு வைத்திருப்பார்கள், பல வண்டிகளில் அது 65-லிருந்து 85 பிஎஸ்ஐக்குள் எங்கேயாவது மூடிக்கொள்ளும். முள் அதுவரை இறங்கி அங்கேயே நின்று, அதற்குப் பிறகு மூலை உட்காரத் தொடங்கினால், கசிவு சஸ்பென்ஷன் பக்கம். முள் நிற்காமல் பூஜ்யம் வரை போனால் பிரேக் பக்கமும் ஏதோ இருக்கிறது, அதை முதலில் பாருங்கள், உயரம் அப்புறம்.

தேடும் வேலை சோப்புத் தண்ணீரும் ஒரு பெயிண்ட் பிரஷும்தான். பாத்திரம் தேய்க்கும் திரவம் கொஞ்சம், தண்ணீர், நுரை வராமல் கலக்கவும். ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் தாராளமாகப் பூசிவிட்டு அவசரப்படாமல் பாருங்கள். பெரிய கசிவு குமிழியைப் பறக்கவிடும், சின்னக் கசிவு சோற்றுக் கஞ்சி மாதிரி வெள்ளையாக மெதுவாகப் பொங்கும், அதற்கு இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகும். பேக்கின் ரப்பரில் முக்கியமாகக் கீழ் பிஸ்டனில் மடிந்து உருளும் இடத்தைப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். பேக்கைச் சுற்றி ஒரு அங்குலமாவது காலியிடம் இருக்க வேண்டும், ஒயரோ குழாயோ உரசிக்கொண்டிருந்தால் உடனே விலக்கிக் கட்டுங்கள்.

பிளாஸ்டிக் குழாயைத் தள்ளிப் பொருத்தும் வகை ஃபிட்டிங்கில் கசிந்தால், பெரும்பாலும் குழாயைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். காற்றை இறக்கிவிட்டுக் குழாயைக் கழற்றி, கூர்மையான கத்தியால் நேராக ஒரு சென்டிமீட்டர் வெட்டி மறுபடி தள்ளினால் போதும். டேப் சுற்றுவது, பசை தடவுவது எல்லாம் வேண்டாம்.

எங்கேயும் குமிழி இல்லை, வால்வின் எக்ஸாஸ்டில் மட்டும் மெதுவாக வருகிறது என்றால், ராடைக் கழற்றிக் கையை நடுவில் நிறுத்திப் பாருங்கள். நின்றுவிட்டால் வால்வு நல்லது, கை கொஞ்சம் கீழே நிற்பதால் வெளியேற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நடுவிலும் நிற்காமல் வந்தால் வால்வுக்குள் சீல் போய்விட்டது, மாற்றுங்கள். அதைப் பிரித்துச் சுத்தம் பண்ணிப் பிழைக்க வைக்கும் ஆர்வம் எனக்கும் இருந்தது, இரண்டு மாதத்தில் திரும்பவும் அதே இடத்தில் படுத்துக்கொண்டிருந்தேன்.

ஒற்றை வால்வு முனையில் ஒரு பேக் கசிந்தால் இரண்டு மூலையும் சேர்ந்துதான் இறங்கும், இதையும் மறக்க வேண்டாம். எந்தப் பேக் என்று உயரத்தை வைத்துச் சொல்ல முடியாது, சோப்புதான் சொல்லும்.

எஞ்சின் ஓடுகிறது, காற்று முழுதாக இருக்கிறது, ஆனாலும் சாய்கிறது

இது கசிவு அல்ல (மிகப் பெரிய கசிவாக இருந்தால் காதிலேயே கேட்கும்). வால்வு தப்பான உயரத்தைச் சரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, அல்லது அது சொல்வதைப் பேக் கேட்கவில்லை.

முதலில் நான்கு மூலை அளவையும் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் ஒற்றை வால்வு என்றால் முன் அளவில் இடது வலது வித்தியாசம் தெரிந்தாலும் பின்னால் போய்த் தேடுங்கள். பின்னால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தும் முன்னால் சாய்ந்தால், அப்போதுதான் முன்பக்கத்தில் உலோகக் கோளாறு: ஆக்ஸிலை இடத்தில் பிடிக்கும் ரேடியஸ் ராடின் புஷ், இடது வலதை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பு, வளைந்த ஷாக். எல்லா மூலையும் அளவில் சரி, பாடி மட்டும் சாய்கிறது என்றால் டயர் காற்று, தரை, பாடி மவுண்ட். அங்கே ராடைத் தொடவே கூடாது. தொட்டால் பாடி நேராகத் தெரியும், ஆக்ஸில் கோணலாக ஓடும்.

அளவு தப்பாக இருக்கும் மூலையின் ராடை விரலால் ஆட்டிப் பாருங்கள். ரப்பர் புஷ் கிழிந்திருக்கலாம், ராடு வளைந்திருக்கலாம், கையை வால்வின் தண்டில் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்து நழுவியிருக்கலாம், வால்வைச் சேஸிஸில் பிடித்திருக்கும் பிராக்கெட்டே விரிந்திருக்கலாம். ரோட்டில் கிடந்த ஏதோ ஒன்று தட்டி ராடு பிடுங்கிக்கொண்டு தொங்குவதும் நடக்கும். இதெல்லாம் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும் விஷயம், ஆனால் நாம் டார்ச் அடித்துப் பார்ப்பதற்குள் ஸ்பானரை எடுத்துவிடுகிறோம்.

எல்லாம் கெட்டியாக இருக்கிறது என்றால் வால்வைச் சோதிக்க வேண்டும். வண்டி ஸ்டாண்டில், ஆள் சக்கரத்துக்கு வெளியே. ராடின் கீழ் முனையைக் கழற்றி, கையைச் சுமார் 45 டிகிரி மேலே தூக்கிப் பிடியுங்கள். பத்துப் பதினைந்து விநாடி பொறுங்கள், தாமத வால்வாக இருக்கலாம். காற்று போகும் சத்தம் கேட்டு மூலை ஏற வேண்டும். அதேபோல் கீழே இறக்கினால் எக்ஸாஸ்டில் காற்று வர வேண்டும். தூக்கினால் சத்தமே இல்லை என்றால் வால்வுக்கு வரும் குழாயில் அழுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள், வால்வின் நுழைவாயிலில் சின்ன வலைச் சல்லடை இருக்கும் வகையில் அது அடைத்திருக்கும். சத்தம் கேட்கிறது, பேக் ஏறவில்லை என்றால் வால்வுக்கும் பேக்குக்கும் நடுவில் குழாய் மடங்கியிருக்கிறது.

ஒரு முனை அளவுக்கு மேல் ஏறி நிற்கிறது, வண்டி கட்டையாக ஓடுகிறது

சின்னப் பள்ளத்துக்கே 'டக்' என்று மேலே இடிக்கும், ஷாக் முழுதாக நீண்டு நுனியில் முட்டிக்கொள்வதுதான் அந்தச் சத்தம். ஓட்ட வேண்டாம், பேக் அதன் நீளத்துக்கு மேல் இழுபட்டிருக்கிறது.

ராடைக் கழற்றிக் கையை இறக்குங்கள். காற்று வெளியேறி முனை இறங்கினால் வால்வு சரி, ராடு அல்லது கை எங்கேயோ சிக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை அடிபட்டால் கை உச்சியைத் தாண்டி எதிர்ப்பக்கம் புரண்டுவிடுவதும் உண்டு, அப்போது ஆக்ஸில் சொல்வதெல்லாம் வால்வுக்குத் தலைகீழாகப் போய்ச் சேரும். இறங்கவில்லை என்றால் எக்ஸாஸ்ட் அடைத்திருக்கிறது (சேறு, சில சமயம் பூச்சிக்கூடு) அல்லது உள்ளே நுழைவாயில் மூடாமல் திறந்தே நிற்கிறது.

வால்வெல்லாம் சரியாக இருந்து ஒரு மூலை மட்டும் தானாக ஏறிக்கொண்டே போனால், காற்றாலேயே மட்டம் பார்க்கும் லெவலிங் சிஸ்டம் உள்ள வண்டி என்றால் அடுத்த அறிகுறியைப் படியுங்கள்.

லெவலிங் பண்ணி நிறுத்திய பிறகு, பயண உயரத்துக்குத் திரும்ப மறுக்கிறது

காற்று லெவலிங்கில் ஒவ்வொரு மூலைக்கும் ஏற்ற ஒரு சோலனாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு), இறக்க ஒரு சோலனாய்டு என்று ஒரு தொகுப்பு இருக்கும். நிறுத்தியிருக்கும்போது உயர வால்வை விலக்கிவிட்டு இவைதான் பேக்கை ஆளும். பயண நிலைக்கு மாற்றினால் மறுபடி உயர வால்விடம் பேக் ஒப்படைக்கப்பட வேண்டும்.

ஏற்றும் சோலனாய்டு முழுதாக மூடாவிட்டால் அந்த மூலை மெதுவாக ஏறும். இறக்கும் சோலனாய்டு மூடாவிட்டால் உட்காரும், பேக்கிலும் குழாயிலும் எவ்வளவு சோப்பு பூசினாலும் குமிழி வராது, ஏனென்றால் காற்று அந்தத் தொகுப்பின் எக்ஸாஸ்டில் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே பூசிப் பாருங்கள். உறுதியாக வேண்டுமானால் காற்றை இறக்கிவிட்டு, தொகுப்பிலிருந்து அந்த மூலைக்கு வரும் குழாயைக் கழற்றி, இரண்டு முனையையும் மூடியால் அடைத்து, மறுபடி காற்று ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். உட்காராவிட்டால் ஆள் அகப்பட்டுவிட்டார். காரணம் பெரும்பாலும் உள்ளே போன துரு, ஈரம், டிரையரிலிருந்து உதிர்ந்த பொடி. டேங்கின் வடிகாலைத் திறந்தால் தண்ணீரோ எண்ணெயோ வந்தால் டிரையர் கார்ட்ரிட்ஜ் தன் காலத்தை முடித்துக்கொண்டது என்று அர்த்தம், புது சோலனாய்டு போட்டாலும் அதற்கும் அதே கதிதான். கடும் குளிரில் இந்த ஈரம் வால்வுக்குள் உறைந்து, வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடும், அப்படிச் சரியானதை நம்பி டிரையரை விட்டுவிடாதீர்கள்.

நின்றுகொண்டிருக்கும்போதே அடியில் 'உஸ்', கம்ப்ரெசர் அடிக்கடி ஓடுகிறது

மட்டமான தரையில் அசையாமல் நிற்கும் வண்டியின் டிரையர் ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை மூச்சு விட்டால் எங்கேயோ காற்று செலவாகிக்கொண்டிருக்கிறது. கசிவு இல்லை என்று உறுதியானால் இரண்டு பின் வால்வும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன: ஒன்று ஏற்றுகிறது, ஸ்டெபிலைசர் பார் அடுத்த பக்கத்தையும் தூக்குகிறது, அது இறக்குகிறது. இரண்டு எக்ஸாஸ்டிலும் மாறி மாறிச் சத்தம் கேட்டால் இதுதான். யாரோ ஒரு பக்க ராடை மட்டும் திருகியிருப்பார்கள், அந்த யாரோ நாமாகவும் இருக்கலாம். இரண்டு பக்கத்தையும் கீழே சொல்லும் முறையில் புதிதாக அமைக்க வேண்டும்.

காலையில் எழும்ப நேரம் ஆகிறது

முதலில் பிரேக் டேங்குகள் நிறையும், பாதுகாப்பு வால்வு திறந்த பிறகுதான் சஸ்பென்ஷனுக்கு வரும். ஆகவே முள் பாதிக்கு மேல் போகும் வரை வண்டி அசையாமல் இருப்பது இயல்பு. முள் சீக்கிரம் ஏறியும் வண்டி எழவில்லை என்றால் அந்தப் பாதுகாப்பு வால்வு அல்லது அடைத்த சல்லடை. முள்ளே ஏறவில்லை என்றால் கம்ப்ரெசர், டிரையர். வண்டி முழு உயரத்துக்கு வராமல் கிளம்ப வேண்டாம், அழுத்தம் குறைவென்று எச்சரிக்கும் விளக்கு 60 பிஎஸ்ஐ ஒட்டி அணைந்துவிடும், சஸ்பென்ஷனுக்கு அது போதாது.

அளவெல்லாம் சரி, ஆனால் தடதடவென்று குதிக்கிறது

இது ஷாக் அப்சார்பர் வேலை. ஏர் பேக்குக்குத் துள்ளலை அடக்கும் குணம் கிட்டத்தட்ட இல்லை, முழுச் சுமையும் ஷாக்கின் மேல்தான். கரடுமுரடான ரோட்டில் அரைமணி ஓட்டிவிட்டு நிறுத்தி ஒவ்வொரு ஷாக்கின் உடலையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை.

உயரம் மாற்றிய பிறகு நடுக்கம், அல்லது ஸ்டியரிங் அலைகிறது

பின்பக்க உயரம் மாறினால் டிஃபரென்ஷியலின் மூக்குக் கோணம் மாறும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரண்டு ஜாயிண்ட் கோணமும் ஒன்றை ஒன்று ஈடு செய்யாமல் போகும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தரையிலிருந்து நடுக்கம் வரும், விட்டுவிட்டால் ஜாயிண்ட் போகும். பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஏறினால் முன் சக்கரத்தின் கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வர மனமில்லாமல் அலையும், நீண்ட பயணத்தில் தோள் வலிக்கும் அளவுக்குத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். வீல் அலைன்மெண்ட் செய்வதானால் ரைடு ஹைட்டைச் சரி பார்த்த பிறகுதான் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் அலைன்மெண்ட் காசு வீண். நான் ஒரு பட்டறையில் காசு கொடுத்துச் செய்த அலைன்மெண்டில் உயரத்தை யாரும் அளக்கவே இல்லை, கேட்டதற்கு "அது எங்க வேலை இல்லை" என்றார்கள்.

டேக் ஆக்ஸில், எலக்ட்ரானிக் உயரம், கூடுதல் பேக்

டிரைவ் ஆக்ஸிலுக்குப் பின்னால் பாரம் தாங்க மட்டும் டேக் ஆக்ஸில் என்று இன்னொன்று இருந்தால் அதன் பேக்கைப் பெரும்பாலும் உயர வால்வு ஆள்வதில்லை, ரெகுலேட்டர் வைத்த அழுத்தம்தான். அந்த அழுத்தம் குறைந்தால் பாரம் டிரைவ் ஆக்ஸிலுக்குப் போய்விடும். டேக் அழுத்தத்தை முதலில் சரிசெய்து, பிறகு டிரைவ் ஆக்ஸிலில் உயரம் அளக்கவும்.

ராடுக்குப் பதில் எலக்ட்ரானிக் சென்ஸர் இருக்கும் வண்டியில் சென்ஸர் கையையும் அதன் இணைப்பையும் பார்ப்பது நம் வேலை, புது உயரத்தைப் பதிவு செய்வதற்கு அதற்குரிய கருவி வேண்டும்.

சிறிய மோட்டார்ஹோமில் பட்டை ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் கூடுதல் பேக் வேறு ஜாதி. அதில் உயர வால்வு கிடையாது, நாமே காற்று ஏற்றி உயரம் பார்த்து நிறுத்துகிறோம். சாய்ந்தால் கசிவு அல்லது பாரம், அவ்வளவுதான். காற்றே இல்லாமல் மட்டும் ஓட்ட வேண்டாம், தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச அழுத்தம் இல்லாவிட்டால் ரப்பர் மடிந்து நடுவில் நசுங்கிக் கிழியும்.

சரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது, இப்போது ராடு

இரண்டு வால்வு இருக்கும் முனையிலிருந்து ஆரம்பிக்கவும், சாய்வு அங்கே தீர்ந்த பிறகு ஒற்றை வால்வு முனைக்கு வரவும். ஒரு முனையை மாற்றினால் அடுத்த முனை கொஞ்சம் நகரும், அதனால் குறைந்தது இரண்டு சுற்று வர வேண்டியிருக்கும்.

தொடும் முன் இப்போதைய நிலையைக் குறியுங்கள், ராடின் மரையில் ஒரு பெயிண்ட் புள்ளி போதும். வால்வு சேஸிஸிலும் ராடின் கீழ் முனை ஆக்ஸிலிலும் இருக்கும் வழக்கமான அமைப்பில் ராடை நீட்டினால் உயரம் கூடும், குறுக்கினால் குறையும். ராடு ஆக்ஸிலுக்கு நேர் மேலே இருந்தால் ராடில் எத்தனை மில்லிமீட்டரோ உயரத்திலும் கிட்டத்தட்ட அத்தனையே. டிரெய்லிங் ஆர்மில் (ஆக்ஸிலைச் சேஸிஸோடு இணைக்கும் நீளச் சட்டம்) வேறு இடத்தில் பிடித்திருந்தால் விகிதம் மாறும், ஒரு தடவை கொஞ்சம் திருகி எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள். சிலவற்றில் ராடு மாறாத நீளம், கையின் கிளாம்ப்தான் தளரும். சில வால்வுகளில் கையை நடுவில் நிறுத்தச் சின்ன ஆணித் துளை உண்டு, வண்டியைச் சரியான உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆணியைச் செருகி, ராடை அதற்கேற்றபடி பொருத்தி இறுக்கினால் வேலை முடிந்தது. ஆணியை எடுக்க மறந்தால் வால்வு உடையும்.

ஒரே தடவையில் நிறையத் திருக வேண்டாம். திருகு, இறுக்கு, ஆள் வெளியே வா, காற்றைக் கொஞ்சம் இறக்கு, மறுபடி ஏறவிடு, அளவெடு. ஏன் ஒவ்வொரு தடவையும் இறக்கி ஏற்ற வேண்டும் என்றால், முன்னே சொன்ன அந்த இடைவெளி இருக்கிறதே, கீழிருந்து ஏறி வந்தால் அதன் அடி விளிம்பில் நிற்கும், மேலிருந்து இறங்கி வந்தால் மேல் விளிம்பில் நிற்கும். ஒரு தடவை இப்படியும் ஒரு தடவை அப்படியும் அளந்தால் நீங்கள் திருகியதைவிட அந்த வித்தியாசம்தான் பெரிதாகத் தெரியும். எப்போதும் கீழிருந்து ஏறிவந்து நிற்கும் அளவையே எடுங்கள்.

முடிந்ததும் லாக் நட்டுகளை இறுக்கி, ராடு இரண்டு முனையிலும் முறுக்காமல் நேராக நிற்கிறதா, முழு ஏற்றத்திலும் முழு இறக்கத்திலும் எதிலும் முட்டாமல் போகிறதா என்று பாருங்கள். எல்லா ஃபிட்டிங்கிலும் இன்னொரு தடவை சோப்பு. பிறகு முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, அதே தரையில் அதே இடத்தில் நிறுத்தி நான்கு மூலையையும் அளந்து, தேதியோடு எழுதி ஓட்டுநர் பக்கக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். ஹெட்லைட் ஒளி இப்போது எங்கே விழுகிறது என்று அன்று இரவே ஒரு சுவரில் அடித்துப் பார்த்துவிடுங்கள், பின்பக்கம் ஒரு அங்குலம் ஏறியிருந்தாலே தூரத்தில் வெளிச்சம் குறைந்துவிடும்.